பிரஸ்ஸல்ஸா, பான் நகரமா, நீதிமன்றமா? ஐரோப்பாவில் பெரிய நிறுவனம் நெருக்கினால் எந்தக் கதவைத் தட்டுவது

ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற பிரிட்டிஷ் தம்பதி 2006 ஜூனில் 'ஃபவுண்டெம்' என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினார்கள். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கூகுள் தேடலில் அது யார் கண்ணிலும் படாத ஆழத்துக்குப் போய்விட்டது. கூகுளிடமே முறையிட்டு அலுத்துப்போய், 2009 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். 2016-இல் தளத்தை மூடினார்கள். 2017 ஜூன் 27 அன்று ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் போட்டது. கடைசி மேல்முறையீடு 2024 செப்டம்பர் 10 அன்று தள்ளுபடி ஆனது. புகார் கொடுத்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள், கடைதான் இல்லை. அந்த 242 கோடியில் ஒரு சென்ட்கூட அவர்கள் கைக்கு வராது. அபராதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட்டுக்குப் போகிற பணம்.

ஐரோப்பாவில் சிறுதொழில் செய்கிற வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். ஒருவருக்கு ஆன்லைன் சந்தையில் கடைக் கணக்கு முடங்கிவிட்டது. இன்னொருவருக்கு பத்து வருடமாகச் சரக்கு தந்த நிறுவனம் திடீரென்று கைவிரித்துவிட்டது. மூன்றாமவர் வாங்கிய லாரிகளுக்கு உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி விலை ஏற்றியிருந்தார்கள் என்பது இப்போதுதான் தெரியவருகிறது. எல்லோர் வாயிலும் முதலில் வருவது பிரஸ்ஸல்ஸ். செய்தியில் அடிபடும் பெயர் அதுதான், ஆச்சரியம் இல்லை. ஆனால் சின்ன வியாபாரிக்குப் பெரும்பாலும் அது கடைசிக் கதவு என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைத்தான் இங்கே அடுக்கப் போகிறேன்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு உடன்படிக்கையில் 101-ஆவது பிரிவு நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கிறது. 102-ஆவது பிரிவு, சந்தையில் மேலாதிக்கம் உள்ள நிறுவனம் அந்த வலுவைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. 2004 மே 1 முதல் இந்த இரண்டு பிரிவுகளையும் ஆணையம், ஒவ்வொரு நாட்டின் போட்டி அமைப்பு, ஒவ்வொரு நாட்டின் நீதிமன்றம் ஆகிய மூன்றுமே முழுமையாகப் பயன்படுத்தலாம். சட்டம் ஒன்று, கதவு மூன்று. டிஜிட்டல் நிறுவனங்களுக்கு மட்டும் சமீபத்தில் நான்காவதாக ஒரு சின்னக் கதவும் திறந்திருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி: உங்களுக்கு வேண்டியது என்ன? அவர்கள் செய்வது நிற்க வேண்டுமா, போன பணம் திரும்ப வேண்டுமா? இரண்டும்தான் வேண்டும் என்பீர்கள். ஆனால் ஒரே கதவில் இரண்டும் கிடைப்பது அபூர்வம்.

இரண்டாவது, எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள்? கையில் இருக்கும் பணம் நான்கு மாத வாடகைக்குத்தான் வரும் என்றால், ஐந்து வருடத்தில் வரும் நியாயத்தை வைத்து என்ன செய்வது?

மூன்றாவது, ஆதாரத்தைத் தேடுவது யார் வேலை? இரகசியமாகப் பேசிவைத்த விலையை நிரூபிக்க அவர்களுடைய மின்னஞ்சல்கள் வேண்டும். அதிகாரிகள் அலுவலகத்துக்குள் புகுந்து எடுக்கலாம், நீங்கள் முடியாது.

நான்காவது கைக்காசு. தொடங்க எவ்வளவு என்பதைவிட, தோற்றால் எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்தாவது, உங்கள் பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால் பரவாயில்லையா? நாளைக்கும் அதே நிறுவனத்திடம் சரக்கு வாங்க வேண்டியவர்களுக்கு இதுவே முதல் கேள்வி.

## பிரஸ்ஸல்ஸ்: ஐரோப்பிய ஆணையத்தில் புகார்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 'சி' படிவம் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் யார், என்ன நடந்தது, என்ன ஆதாரம், உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு, இதே விஷயத்தை வேறெங்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று அது கேட்கும். ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் எதிலும் எழுதலாம்.

ஆணையத்தின் பலமும் பெரிது. முன்னறிவிப்பு இல்லாமல் சோதனைக்குப் போகலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம், நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 10% வரை அபராதம் போடலாம். ஆதாரம் தேடும் பாரம் உங்கள் தோளிலிருந்து இறங்கிவிடும்.

சிக்கல் வாசலிலேயே இருக்கிறது. வருகிற புகாரையெல்லாம் விசாரிக்க வேண்டிய கடமை ஆணையத்துக்குக் கிடையாது. 1992-இல் வந்த 'ஆட்டோமெக்' தீர்ப்பிலிருந்து இது தெளிவு: ஒன்றியம் முழுவதற்கும் பொருட்படுத்தத் தக்க நலன் இதில் இல்லை, உங்கள் நாட்டு நீதிமன்றமே போதும் என்று சொல்லிப் புகாரை மூடலாம். விசாரிக்கப் போகிறோமா இல்லையா என்பதை நான்கு மாதத்துக்குள் தெரிவிக்க முயல்வோம் என்று ஆணையம் சொல்கிறது. மூடப் போகிறார்கள் என்றால் முதலில் கடிதம் வரும், பதில் எழுத குறைந்தது நான்கு வாரம் தருவார்கள். அதற்குள் எழுதாவிட்டால் புகாரை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கொள்வார்கள். இந்த நான்கு வாரத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நாட்டில், ஒரே ஒரு கடைக்கு நடந்த அநியாயம் பிரஸ்ஸல்ஸ் கண்ணுக்குச் சின்னது. மூன்று நாடுகளுக்கு மேல் பாதிப்பு பரவியிருந்தால்தான் ஆணையம் கையிலெடுக்கப் பொருத்தமான விவகாரம் என்பது அவர்களுடைய வேலைப் பங்கீட்டுக் கணக்கு.

எடுத்துக்கொண்டாலும் காலம் ஓடும். ஸ்பாட்டிஃபை 2019 மார்ச்சில் ஆப்பிள் மீது புகார் கொடுத்தது. 180 கோடி யூரோ அபராதம் வந்தது 2024 மார்ச்சில். ஐந்து வருடம். இது ஸ்பாட்டிஃபை, படை படையாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வசதி உள்ள நிறுவனம். நடுவில் உங்களைக் காப்பாற்ற இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, எடுத்துப் பயன்படுத்துவதுதான் குறைவு. 2019 அக்டோபரில் பிராட்காம் மீது போட்டார்கள். அதற்கு முன்பு கடைசியாகப் போட்டது 2001-இல். பதினெட்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் உத்தரவை நம்பித் தொழில் நடத்த முடியாது.

அப்புறம் இரண்டு மறைமுகச் செலவுகள். ஒன்று, எதிர்த்தரப்பு 'இனி திருத்திக்கொள்கிறோம்' என்று உறுதிமொழி கொடுத்தால், தவறு நடந்தது என்று தீர்ப்புச் சொல்லாமலே ஆணையம் கோப்பை மூடலாம். நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போகும்போது நீங்கள் காட்ட நினைத்திருந்த தீர்ப்பு அப்போது இருக்காது. கூகுள் விவகாரத்திலேயே அப்போதைய ஆணையர் அல்முனியா உறுதிமொழி வழியில் முடிக்கத்தான் முயன்றார். அது கைகூடாமல் போனதால்தான் 2017 தீர்ப்பு வந்தது. இரண்டு, தீர்ப்பு வந்தாலும் நிலைக்க வேண்டும். இன்டெல்லுக்கு 2009-இல் போட்ட 106 கோடி யூரோ அபராதத்தை, ஆணையத்தின் முடிவுகளை விசாரிக்கும் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. குவால்காமுக்குப் போட்ட 99.7 கோடி அபராதமும் அதே 2022-இல் ரத்தானது.

பெயர் விஷயத்தில் ஒரு நெளிவு உண்டு. முறையான புகார்தாரர் என்றால் உங்களுக்கு உரிமைகள் உண்டு. நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும், அதை எதிர்த்து பொது நீதிமன்றத்துக்குப் போகலாம். வெறுமனே தகவல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் அந்த உரிமைகள் கிடையாது, ஆனால் மறைந்திருக்கலாம். 2017 மார்ச்சிலிருந்து பெயர் சொல்லாமலே தகவல் அனுப்ப ஆணையத்தில் தனி வழி இருக்கிறது.

பிரஸ்ஸல்ஸ் எப்போது சரி? உங்களைப் போலவே பல நாடுகளில் பலர் அடிபட்டிருக்கும்போது, சங்கமாகச் சேர்ந்து போக முடியும்போது, உங்கள் பிழைப்பு அந்த முடிவை நம்பி இல்லாதபோது.

## நாட்டின் போட்டி அமைப்பு: பான், பாரிஸ், ரோம்

ஜெர்மனிக்கு பான் நகரில் கூட்டாட்சி கார்ட்டெல் அலுவலகம் (கார்ட்டெல் என்றால் போட்டி நிறுவனங்கள் இரகசியமாகக் கூடிப் பேசிவைப்பது), பிரான்ஸுக்கு பாரிஸில் போட்டி ஆணையம், இத்தாலிக்கு ரோமில் ஒன்று என்று ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் ஓர் அமைப்பு இருக்கிறது. செய்தியில் கொஞ்சமாகத்தான் அடிபடும். ஆனால் சின்ன வியாபாரிகளுக்கு உருப்படியாக நடந்த காரியங்களில் ஒன்று பானில்தான் நடந்தது.

அமேசானில் கடை போட்டவர்களுக்கு அப்போது இருந்த பெரிய பயம், காலையில் எழுந்து பார்த்தால் கணக்கு இருக்காது என்பது. காரணம் சொல்லாமல், உடனடியாக, எப்போது வேண்டுமானாலும் கணக்கை மூட ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. விற்பனையாளர்கள் நிறையப் பேர் முறையிட்டதால் 2018 நவம்பரில் ஜெர்மன் அலுவலகம் விசாரணையைத் தொடங்கியது. 2019 ஜூலையில் அமேசான் விதிகளை மாற்றியது: சாதாரணமாகக் கணக்கை மூடுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு, கூடவே காரணம். எட்டு மாதம்தான். அபராதம் எதுவும் இல்லை. ஆனால் மாற்றம் ஜெர்மனியோடு நிற்காமல் அமேசானின் மற்ற நாட்டுச் சந்தைகளுக்கும் போனது. அபராதம் போட்டால்தான் வெற்றி என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

இந்தக் கதவுக்கு இன்னொரு பெரிய சாதகம் உண்டு, பலருக்கும் தெரியாது. 102-ஆவது பிரிவில் போக வேண்டுமென்றால் எதிர்த்தரப்புக்கு மொத்தச் சந்தையிலும் மேலாதிக்கம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். உங்களுக்குச் சரக்கு நிறுத்திய நிறுவனத்துக்குச் சந்தையில் 15% பங்குதான் என்றால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். ஆனால் ஒருதலையான நடத்தைக்கு ஒன்றியச் சட்டத்தைவிடக் கடுமையான சட்டம் வைத்துக்கொள்ள நாடுகளுக்கு அனுமதி உண்டு. ஜெர்மன் போட்டிச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்வது இது: மொத்தச் சந்தையில் மேலாதிக்கம் வேண்டாம், நீங்கள் அவரைச் சார்ந்து நிற்கிறீர்கள், வேறு போக்கிடம் இல்லை என்று காட்டினால் போதும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் பொருளாதாரச் சார்பைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிரான விதிகள் உண்டு. பிரஸ்ஸல்ஸ் கையில் அப்படி ஒரு விதியே இல்லை. பத்து வருடச் சரக்கு நின்றுபோன நண்பர் பிரஸ்ஸல்ஸுக்கு எழுதினால் தோற்கக்கூடிய அதே விவகாரம், தன் நாட்டுச் சட்டத்தில் நிற்கக்கூடும்.

பாரிஸுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு ஆயுதம் இடைக்கால உத்தரவு. பிரெஞ்சு அமைப்பு அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறது. செய்தி நிறுவனங்களோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும்படி 2020 ஏப்ரலில் கூகுளுக்கு அப்படித்தான் உத்தரவிட்டது. அதைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2021 ஜூலையில் 50 கோடி யூரோ அபராதமும் போட்டது. விளம்பரச் சரிபார்ப்புத் தொழிலில் இருந்த அட்லூக்ஸ் என்ற சிறிய பிரெஞ்சு நிறுவனம் மெட்டா மீது கொடுத்த புகாரில் 2023 மே மாதம் இடைக்கால உத்தரவு வந்தது. சிறிய நிறுவனம் சாவதற்கு முன்பே உத்தரவு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ராஃப் தம்பதியைக் கேட்டால் தெரியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. எதை விசாரிப்பது என்பது இங்கும் அமைப்பின் விருப்பம். ஜெர்மன் அலுவலகத்தைக் கட்டாயப்படுத்தி விசாரிக்க வைக்க உங்களால் முடியாது. எல்லா நாட்டு அமைப்பும் பான், பாரிஸ் அளவுக்கு ஆள்பலம் கொண்டதும் அல்ல. நடுவில் ஆணையம் அதே விவகாரத்தை எடுத்துக்கொண்டால் நாட்டு அமைப்பின் கை தானாகக் கட்டப்பட்டுவிடும். அமேசான் விவகாரம் போல மாற்றத்தோடு முடிந்துவிட்டால், நடந்துபோன நட்டத்துக்கு உங்கள் கையில் தீர்ப்பு எதுவும் மிஞ்சாது.

## நீதிமன்றம்: பணம் வேண்டும் என்றால் இதுதான்

நஷ்டஈடு கொடுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கும் கிடையாது, நாட்டு அமைப்புக்கும் பொதுவாகக் கிடையாது. நீதிமன்றம் ஒன்றுதான் வழி. இந்த உரிமைக்கு ஒரு பப் நடத்தியவர் காரணம்.

பெர்னார்ட் கிரீஹன் என்பவர் 1991-இல் இங்கிலாந்தில் இரண்டு பப்களைக் குத்தகைக்கு எடுத்தார். பீரைக் குறிப்பிட்ட கம்பெனியிடம் மட்டுமே, அவர்கள் சொன்ன விலைக்கே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. தொழில் நொடித்தது. பாக்கி கேட்டு கரேஜ் என்ற பீர் கம்பெனி வழக்குப் போட, இவர் திருப்பி நஷ்டஈடு கேட்டார். போட்டிச் சட்டத்தை மீறிய ஒப்பந்தத்தால் யார் பாதிக்கப்பட்டாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவராகவே இருந்தாலும், நஷ்டஈடு கேட்கலாம் என்று 2001 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. இன்று ஐரோப்பாவில் போட்டிச் சட்ட நஷ்டஈடு வழக்கு எல்லாமே அந்தத் தீர்ப்பின் மேல் நிற்கிறது. கிரீஹன் கதி? 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 1,31,336 பவுண்டு கொடுக்கச் சொன்னது. 2006-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் தட்டிவிட்டது. ஊருக்கெல்லாம் உரிமை வாங்கிக் கொடுத்தவர் வெறுங்கையோடு போனார்.

அவர் தடுக்கி விழுந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அவர் வழக்கில் மீறல் நடந்ததையே அவர்தான் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அதனால் நீதிமன்றம் போகிறவர்கள் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆணையமோ நாட்டு அமைப்போ தீர்ப்புச் சொன்ன பிறகு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு போவது ஒன்று. தீர்ப்பு எதுவும் இல்லாமல் தனியாகப் போவது இன்னொன்று. முதல் வகையில் பாதி வேலை முடிந்திருக்கும். ஆணையத்தின் முடிவுக்கு மாறாக எந்த நாட்டு நீதிமன்றமும் தீர்ப்பளிக்க முடியாது. 2014-இன் நஷ்டஈட்டு நெறிமுறைச் சட்டப்படி, கார்ட்டெல் என்றால் நட்டம் நடந்திருக்கும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் வேலை.

லாரி கார்ட்டெல் இதற்குச் சரியான உதாரணம். 1997 முதல் 2011 வரை பதினான்கு வருடம் உற்பத்தியாளர்கள் விலையைப் பற்றிப் பேசிவைத்திருந்தார்கள். 2016 ஜூலை 19 அன்று ஆணையம் 293 கோடி யூரோ அபராதம் போட்டது. காட்டிக்கொடுத்த மான் (MAN) நிறுவனத்துக்கு மட்டும் அபராதம் இல்லை. அதோடு வால்வோ/ரெனோ, டைம்லர், இவெகோ, டாஃப் தவறை ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொள்ளாத ஸ்கானியாவுக்கு அடுத்த வருடம் தனியாக 88 கோடி.

அப்புறம் ஸ்பெயினில் சின்னச் சின்னப் போக்குவரத்துக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டன. சுமால் என்ற கம்பெனி இரண்டு லாரிக்காகக் கேட்டது 22,204 யூரோ. வழக்குப் போட்டது ஜெர்மனியில் இருக்கும் தாய் நிறுவனத்தின் மேல் இல்லை, தனக்கு லாரி விற்ற ஸ்பானியக் கிளை நிறுவனத்தின் மேல். அது செல்லும் என்று 2021 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. வேறு நாட்டுக்கு ஆவணங்களை மொழிபெயர்த்து அனுப்பும் செலவு எத்தனையோ பேருக்கு மிச்சமானது.

எவ்வளவு கிடைக்கும்? கணக்கு போட்டுப் பார்ப்போம். கூடுதலாக எவ்வளவு கொடுத்தோம் என்று துல்லியமாகக் காட்ட முடியாதவர்களுக்கு லாரி விலையில் 5% என்ற நீதிமன்ற மதிப்பீட்டை 2023 ஜூனில் ஸ்பானிய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 90,000 யூரோ லாரி என்றால் 4,500, அதற்கு மேல் வட்டி. பழைய வழக்கில் வட்டியே கணிசமாக இருக்கும். இதைவிட அதிகம் வேண்டுமென்றால் பொருளாதார நிபுணரின் அறிக்கை வேண்டும், அதன் செலவு ஒரு லாரியின் நஷ்டஈட்டை எளிதில் தாண்டிவிடும். இரண்டு லாரி வைத்திருப்பவர் தனி அறிக்கை எழுதுவது வீண். சங்கத்தோடு சேர்ந்து ஒரே அறிக்கையைப் பகிர்ந்துகொள்வதுதான் கட்டுப்படியாகும். வழக்குச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வரும் நிதி நிறுவனங்களும் உண்டு. அவர்கள் கேட்கும் பங்கு எவ்வளவு, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு யார் தலையில் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆசைப்பட்டு அதிகம் கேட்பதிலும் ஆபத்து உண்டு. ஸ்பெயினில் கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது என்றால் உங்கள் வழக்குச் செலவு உங்களுடையது. இந்த விதி ஒன்றியச் சட்டத்துக்கு முரணில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் தோற்றவர் ஜெயித்தவரின் செலவையும் கட்ட வேண்டும், அந்தச் செலவும் கோரும் தொகைக்கு ஏற்ப ஏறும். போட்டிச் சட்ட வழக்குகள் அங்கே மாவட்ட அளவிலான 'லாண்ட்கெரிஷ்ட்'டில் தொடங்குவதால் வழக்கறிஞர் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

பெரிய தொகைக்கும் நம்பிக்கை தரும் தீர்ப்புகள் வர ஆரம்பித்திருக்கின்றன. கூகுள் மீதான அந்த 2017 முடிவைப் பிடித்துக்கொண்டு ஐடியாலோ என்ற ஜெர்மன் விலை ஒப்பீட்டுத் தளம் 2019-இல் பெர்லினில் வழக்குப் போட்டது. 2025 நவம்பரில் வட்டியோடு சுமார் 46.5 கோடி யூரோ கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. கேட்டது அதைவிடப் பல மடங்கு, மேல்முறையீட்டுக்கும் இடம் இருக்கிறது. ஃபவுண்டெம் அடித்துத் திறந்த வாசல் வழியாக இன்னொரு கடை உள்ளே போனது என்று இதைப் பார்க்கிறேன்.

நீதிமன்றத்தின் இன்னொரு முகம் அவசரத் தடை. 2020 நவம்பரில் ஜெர்மன் சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தைத் தேடல் முடிவில் மேலே தனிப் பெட்டியில் காட்ட கூகுள் ஒத்துக்கொண்டது. நெட்டாக்டர் என்ற தனியார் மருத்துவத் தளம் மியூனிக் நீதிமன்றம் போனது, 2021 பிப்ரவரி 10 அன்று தடை வந்துவிட்டது. மூன்று மாதம். இவ்வளவு வேகம் வேறெந்தக் கதவிலும் இல்லை. ஆனால் மியூனிக்கில் ஒரு கண்டிப்பு: விஷயம் தெரிந்து ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தால், அவசரம் இல்லை என்று அவசர மனுவையே தள்ளிவிடுவார்கள். ஆன்லைன் சந்தையின் வாடிக்கையாளர் சேவைக்கு ஆறு வாரம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்துவிட்டு வழக்கறிஞரைப் பார்க்கப் போவது இந்த இடத்தில்தான் கழுத்தை நெரிக்கும்.

## டிஜிட்டல் சந்தைச் சட்டம்: நான்காவது கதவு

ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றை இந்தச் சட்டத்தின்படி 2023 செப்டம்பரில் ஆணையம் 'கேட்கீப்பர்' (சந்தையின் வாயிற்காவலர்) என்று அறிவித்தது. 2024 மார்ச் 7 முதல் அவை செய்யக்கூடாதவை, செய்ய வேண்டியவை என்று பட்டியலே இருக்கிறது. மேலாதிக்கத்தையும் சந்தை வரையறையையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் சாரம். 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடியும் மெட்டாவுக்கு 20 கோடியும் அபராதம் வந்தது.

நீங்கள் ஆணையத்துக்கோ நாட்டு அமைப்புக்கோ தகவல் கொடுக்கலாம். அவ்வளவுதான். அதன் மேல் நடவடிக்கை எடுக்கும் கடமை யாருக்கும் இல்லை, முறையான புகார்தாரருக்கு உள்ள உரிமைகளும் இல்லை. செலவும் இல்லை என்பதால் மற்ற கதவோடு சேர்த்து இதையும் தட்டிவைக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | ஆணையம் | நாட்டு அமைப்பு | நீதிமன்றம் | டிஜிட்டல் சந்தைச் சட்டத் தகவல் |
|---|---|---|---|---|
| நடத்தையை நிறுத்துமா | ஆம், ஒன்றியம் முழுக்க | ஆம், பெரும்பாலும் அந்த நாட்டில் | ஆம், உங்கள் அளவில் | உங்கள் கையில் இல்லை |
| பணம் வருமா | வராது | வராது | வரும் | வராது |
| காலம் | பல வருடம் | சில மாதம் முதல் சில வருடம் | தடைக்கு வாரங்கள், மாதங்கள்; நஷ்டஈட்டுக்கு வருடங்கள் | சொல்ல முடியாது |
| ஆதாரம் தேடுவது | அதிகாரிகள் | அதிகாரிகள் | நீங்கள் | அதிகாரிகள் |
| கைக்காசு | குறைவு | குறைவு | அதிகம், தோற்றால் இன்னும் அதிகம் | இல்லை |
| மறுக்க முடியுமா | முடியும், காரணம் சொல்லி | முடியும் | முடியாது, விசாரித்தே ஆக வேண்டும் | பதிலே வராமலும் இருக்கலாம் |
| பெயர் மறைக்க | தகவல் மட்டும் தந்தால் முடியும் | நாட்டுக்கு நாடு வேறுபடும் | முடியாது | முடியும் |

## அந்த மூன்று பேருக்கு

கணக்கு முடங்கியவருக்கு: போட்டிச் சட்டத்தை எடுப்பதற்கு முன், ஆன்லைன் தளங்களுக்கான ஒன்றிய விதிகளைப் பாருங்கள். 2020 ஜூலை 12-இல் அமலுக்கு வந்த அந்த விதிகள், கணக்கை நிரந்தரமாக மூட 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் கேட்கின்றன. விதிவிலக்குகள் உண்டு. இதை வைத்து ஜெர்மன் நீதிமன்றங்கள் 2021-இலேயே கணக்கைத் திறக்கச் சொல்லியிருக்கின்றன. முதல் வாரமே வழக்கறிஞர், அப்புறம் நாட்டு அமைப்புக்கு ஒரு கடிதம். பிரஸ்ஸல்ஸ் வேண்டாம்.

சரக்கு நின்றவருக்கு: நாட்டு அமைப்பு, அதுவும் சார்பு விதி உள்ள நாடாக இருந்தால். அந்த ஒரு நிறுவனத்தின் சரக்கால் உங்கள் விற்பனையில் எத்தனை சதவீதம் வந்தது, வேறு யாரிடம் கேட்டுப் பார்த்தீர்கள், அவர்கள் என்ன பதில் எழுதினார்கள் என்ற மூன்றையும் தாளில் வைத்துக்கொண்டு போங்கள். உறவு இன்னும் முழுதாக முறியவில்லை என்றால் இந்தச் சட்டப் பிரிவைச் சுட்டி வழக்கறிஞர் எழுதும் ஒரு கடிதத்திலேயே சில சமயம் சரக்கு மறுபடி வரத் தொடங்கும்.

லாரி வாங்கியவருக்கு நீதிமன்றம் தவிர வழி இல்லை, அங்கே எதிரி காலவரம்பு. அந்த முடிவின் சுருக்கம் ஒன்றியத்தின் அரசிதழில் 2017 ஏப்ரல் 6 அன்று வந்தது, கணக்கு அன்றிலிருந்து ஓடுகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூனில் சொன்னது. வரம்பு ஐந்து வருடம். அதற்குள் எதுவும் செய்யாத ஸ்பானியக் கம்பெனிக்கு, ஒப்புக்கொண்ட அந்த உற்பத்தியாளர்களிடம் கேட்கும் உரிமை போய்விட்டது. செய்ய வேண்டியிருந்ததோ மிகச் சின்ன வேலை. ஸ்பெயினில் தபால் நிலையத்துக்குப் போய் ஒரு 'புரோஃபாக்ஸ்' அனுப்பினால் போதும். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கும், அது போய்ச் சேர்ந்தது என்பதற்கும் தபால் துறையே சான்று தரும், காலக்கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எல்லையைத் தாண்டினால் கதை வேறு. ஜெர்மனியில் கடிதம் எத்தனை போட்டாலும் கடிகாரம் நிற்காது. வழக்குப் போட வேண்டும், அல்லது எதிர்த்தரப்பு உங்களோடு உண்மையாகவே பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும். லாரியை எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்று பழைய ரசீதைத் தேடி எடுப்பதுதான் இதில் முதல் வேலை.